நாயகனின் நாயகன்

நுழையும்முன்

தொலைக்காட்சியில் தோன்றும் கார்ட்டூன் நாயகர்களைக் கண்டு வியக்காத சிறுவர் அரியர். அந்த நாயகர்களுக்கும் வியப்புக்குரிய ஒருவர் இருப்பாரா? இருந்தால், அவரை நேரில் காணும் நாளில் என்ன நிகழும்? உளவுத்துறையைச் சுற்றிச் சுழலும் ஒரு நகைச்சுவைத் தொடரையும், அத்தொடருக்குத் தம் பெயரையும் முகத்தையும் தந்த மனிதரின் வாழ்வையும் அருகருகே வைத்துக் காண்கிறது இப்பாடம்.

ஒற்றரும் நகைப்பும்

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’ என்பது. ஒற்றர் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவ்வதிகாரம் மிகத் தெளிவாக வரையறுக்கிறது. பார்ப்பவர் ஐயுறாத தோற்றம் வேண்டும். எவர் உற்று நோக்கினும் அஞ்சாத உள்ளம் வேண்டும். எந்த நிலையிலும் உள்ளத்தில் உள்ளதை வெளிவிடாத உறுதி வேண்டும். ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்கவும் வேண்டும் என்கிறார் வள்ளுவர். 

இந்த இலக்கணத்தை அப்படியே தலைகீழாக்கினால் உளவு நகைச்சுவை பிறந்துவிடும். மறைந்து நிற்க வேண்டியவர் பூச்சாடியைத் தட்டிவிடுகிறார், அஞ்சக்கூடாதவர் அலறுகிறார், இரகசியத்தைக் காக்க வேண்டியவரோடு வாயாடிச் சிறுமி ஒருத்தி ஒட்டிக்கொண்டு வருகிறாள். பார்ப்பவர் சிரிக்கின்றனர். ஆனால் இறுதியில் வேலை முடிந்துவிடுகிறது. அலறியவரே உலகைக் காப்பாற்றிவிடுகிறார் என்பதில்தான் இத்தகைய கதைகளின் சுவை இருக்கிறது.

தமிழுக்கும் உளவுக்கதை புதியதன்று. 1966இல் வெளிவந்த ‘வல்லவன் ஒருவன்’ போன்ற படங்களில் நடித்த ஜெய்சங்கரைத் ‘தென்னக ஜேம்ஸ்பாண்ட்’ என்றே மக்கள் அழைத்தனர். ஆயினும் அவரெல்லாம் கோட்டுச் சட்டை கசங்காமல் சண்டையிட்டவர். சட்டை கிழிந்து, முட்டி சிராய்த்து, ‘ஐயோ’ என்று கையை உதறிக்கொண்டே சண்டையிடும் ஒருவரைத் தமிழ்ச் சிறுவர்களுக்கு மிக நெருக்கமாக்கியது ஓர் அசைவூட்டத் தொடர். அதுவே ‘ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்’. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை ஐந்து பருவங்களாக 95 பகுதிகள் ஒளிபரப்பான அத்தொடர், பின்னர் சுட்டி தொலைக்காட்சியின் வழியாகத் தமிழ் பேசிக்கொண்டு வீடுகளுக்குள் நுழைந்தது.

கதையில் வரும் ஜாக்கி பிறப்பால் உளவாளி அல்லர். அவர் பழம்பொருள்களை ஆராயும் தொல்லியலாளர். சான் பிரான்சிஸ்கோ நகரில் பழம்பொருள் கடை நடத்தும் முதிய உறவினரோடு வாழ்கிறார். ‘செக்‌ஷன் 13’ என்னும் இரகசிய அமைப்பின் தலைவர் கேப்டன் பிளாக் அவருடைய பழைய நண்பர். அந்த நட்பின் காரணமாகவே, விரும்பாமலேயே, உளவு வேலைக்குள் இழுக்கப்படுகிறார். ஷெண்டு என்னும் பறவைநாக அரக்கனின் ஆற்றல்கள் பன்னிரண்டு தாயத்துகளாகச் சிதறிக் கிடக்கின்றன. சீன மரபின் பன்னிரண்டு ஆண்டு விலங்குகளுக்கு ஒவ்வொன்றாக அவை அமைந்துள்ளன. எருதுத் தாயத்து வலிமை தரும். முயல் தாயத்து விரைவு தரும். பாம்புத் தாயத்து அணிந்தவரைக் கண்ணுக்குப் புலப்படாமல் செய்யும். தீயவர் கூட்டம் கைப்பற்றுமுன் அவற்றைத் தேடி எடுக்க வேண்டும்.

அவரோடு வரும் சிறுமி ஜேட் பதினொரு வயதினள். ஹாங்காங்கிலிருந்து பெற்றோரால் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவள். புதிய ஊர், புதிய பள்ளி, வீட்டில் ஒரு பேச்சு, வெளியில் ஒரு பேச்சு என்னும் நிலை அவளுடையது. ‘வீட்டிலேயே இரு’ என்று ஜாக்கி சொல்லிச் செல்லும் ஒவ்வொரு முறையும் அவள் பின்தொடர்ந்து வந்துவிடுவாள். அவளுக்கு ஜாக்கிதான் உலகிலேயே தலைசிறந்த வீரர்.

இரசிகரும் ஆராதகரும்

நீண்ட தொடர்களை எழுதுவோர் ஏதேனும் ஒரு பகுதியிலாவது, நாயகன் தான் வியந்து போற்றும் ஒருவரைச் சந்திப்பதாக எழுதுவதுண்டு. அதுவரை எல்லோரும் அண்ணாந்து பார்த்த நாயகன், அன்று ஒருநாள் தான் அண்ணாந்து பார்க்கிறான். கை நடுங்குகிறது, நாக் குழறுகிறது. அஞ்சாதவனின் அச்சத்தைக் காண்பது பார்ப்பவருக்குப் பெரும் வேடிக்கை.

அமெரிக்காவில் பெரியவர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட ‘ஆர்ச்சர்’ என்னும் உளவு நகைச்சுவைத் தொடரில் இத்தகைய பகுதி ஒன்று 2012 ஜனவரியில் ஒளிபரப்பாயிற்று. அதன் தலைப்பு ‘ஜூபிட்டரிலிருந்து வந்த மனிதர்’ எனப் பொருள்படும். வியாழன் கோளிலிருந்து யாரோ வந்துவிட்டார் என்று எண்ணிவிடக்கூடாது. ஜூபிட்டர் என்பது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஊர். அவ்வூரோடு நெடுங்காலத் தொடர்புடைய நடிகர் பர்ட் ரெனால்ட்ஸ். கார்த் துரத்தல் படங்களால் 1970களில் புகழ்பெற்ற அவரை, கதையின் நாயகனான ஆர்ச்சர் சிறுவயது முதலே போற்றி வந்தவன். அத்தகையவர் கண்முன் வந்து நிற்கிறார். மகிழ்ச்சி சிறிது நேரமே நீடிக்கிறது. ரெனால்ட்ஸ் வந்தது ஆர்ச்சரைக் காண்பதற்காக அன்று. உளவு நிறுவனத்தின் தலைவியான அவனுடைய தாயாரோடு நட்புக் கொண்டு வந்திருக்கிறார்! போற்றிய உள்ளம் ஒரே நொடியில் பொருமத் தொடங்குகிறது. 

அப்பகுதியில் மற்றொரு சிறப்பும் உண்டு. ரெனால்ட்ஸின் உருவத்தை ஓவியர்கள் வரைந்தனர். குரலைத் தந்தவர் ரெனால்ட்ஸே. ஏறத்தாழ 75 வயதில் அவர் தம்மையே கேலி செய்துகொள்ள ஒப்புக்கொண்டார். தம்மைப் போற்றுவோருக்கு முன்னால் தம்மைப் பார்த்துச் சிரிக்க எல்லாப் புகழாளராலும் முடிவதில்லை.

ஆர்ச்சரின் மகிழ்ச்சி ஏன் அத்தனை விரைவில் உடைந்தது? இதற்கு விடை காணத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலையடிவார ஊரான வித்துரா ஓர் எளிய வழியைக் காட்டும். பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் உள்ளது இவ்வூர். போணக்காடு போன்ற தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்ந்தனர். இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே அமைந்தபின் வேறு மாநிலத்தவரும் வந்து சேர்ந்தனர். இங்கு வளரும் தமிழ்ச் சிறுவரின் காதில் இரு மொழிகளும் நாள்தோறும் விழுகின்றன. 

ஒரு நடிகரை விரும்பிப் போற்றுபவரைத் தமிழர் ‘இரசிகர்’ என்பர். சுவையை அறிந்து துய்ப்பவர் என்பது அதன் பொருள். அதே மனிதரை மலையாளத்தில் ‘ஆராதகன்’ என்பர். வழிபடுபவர் என்பது அதன் பொருள். மலையாளத்திலும் ‘ரசிகன்’ என்ற சொல் உண்டு. அது கலகலப்பும் வேடிக்கையும் உடையவரைக் குறிக்கும். வித்துராச் சந்தையில் ஒரே திரைப்படச் சுவரொட்டியின் முன் நிற்கும் இரு நண்பர்களில் ஒருவர் இரசிகராகவும் மற்றவர் ஆராதகராகவும் இருப்பது இவ்வாறுதான். ஆங்கிலத்தின் ‘ஃபேன்’ என்னும் சொல்லோ வெறியைக் குறிக்கும் சொல்லிலிருந்து சுருங்கி வந்தது என்பர். மூன்று மொழிகளும் ஒரே மனநிலையை மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்துப் பெயரிட்டுள்ளன.

சொல் எப்படி இருப்பினும் நடத்தை வேறாக இருக்கலாம். பாலாபிஷேகம் செய்யும் ‘இரசிகர்’ தமிழ்நாட்டில் குறைவில்லை. நுணுகிச் சுவைக்கும் ‘ஆராதகர்’ கேரளத்தில் குறைவில்லை. எனினும் சொற்களின் வேற்றுமை பயனுள்ளது. ஆர்ச்சர் ரெனால்ட்ஸை வழிபட்டான். வழிபடப்படும் உருவம் பீடத்திலிருந்து இறங்கி வந்து, வரவேற்பறையில் உட்கார்ந்து, வீட்டாரோடு பேசத் தொடங்கினால் வழிபட்டவர் தடுமாறுவார். சுவைத்தவருக்கு அத்தடுமாற்றம் குறைவு.

முகமூடிக்குள் இருப்பவர்

ஜாக்கி சான் தொடரின் முதற்பருவத்திலேயே இப்பொருளைத் தொடும் பகுதி ஒன்று இடம்பெறுகிறது. ‘எல் டோரோ ஃபுயர்ட்டேயின் முகமூடி’ என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழியில் ‘வலிய காளை’ என்று அப்பெயருக்குப் பொருள். எருதுத் தாயத்தைத் தேடி ஜாக்கியும் ஜேடும் மெக்சிகோ நாட்டுக்குச் செல்கின்றனர். அங்கே முகமூடி அணிந்த மற்போர் வீரர் ஒருவர் எவராலும் வெல்ல முடியாதவராக விளங்குகிறார். அவருடைய முகமூடியின் நெற்றியில் பதிந்திருக்கிறது அந்தத் தாயத்து.

அவருக்கு ஒரு சிறுவன் பரம இரசிகன். பெயர் பாக்கோ. ‘எல் டோரோ ஒருநாளும் முகமூடியைக் கழற்றுவதில்லை’ என்று பெருமையோடு சொல்லித் திரிபவன். அவனும் ஜேடும் சந்தித்த கணத்திலேயே சண்டை மூள்கிறது. யாருடைய வீரர் பெரியவர்? என் ஜாக்கியா, உன் எல் டோரோவா? இரு சிறுவரும் மூக்கோடு மூக்கு உரச நின்று வாதிடும் காட்சி, தமிழ்நாட்டில் எந்தத் தேநீர்க்கடைக்கும் பழக்கமானதே. நாடும் மொழியும் வேறு, வாதம் ஒன்று.

இங்கே மெக்சிகோவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அந்நாட்டின் மற்போர்க் கலையில் முகமூடி வெறும் அலங்காரம் அன்று. அது வீரரின் மானம். போட்டியில் தோற்று முகமூடியை இழப்பவர் தம் பெயரையே இழந்தவராகக் கருதப்படுவார். எல் சாண்டோ என்னும் புகழ்பெற்ற மெக்சிகோ வீரர் வெள்ளி நிற முகமூடியைப் பல்லாண்டுகள் பிறர் முன்னிலையில் கழற்றியதே இல்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட திரைப்படங்களிலும் அதே முகமூடியோடு நடித்தார். 1984ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முகத்தைச் சிறிதே காட்டினார். சில நாள்களில் மறைந்தார். முகமூடியோடே அடக்கம் செய்யப்பட்டார். எல் டோரோ என்னும் கார்ட்டூன் பாத்திரத்தின் பின்னே இத்தகைய உண்மை மரபு நிற்கிறது.

கேரளத்தில் வளரும் மாணவருக்கு முகத்தை மறைத்து வீரரைப் படைக்கும் கலை அயலானது அன்று. கதகளி நடிகரின் தாடையைச் சுற்றி வெண்ணிறத்தில் விளிம்பு கட்டுவர். அரிசிமாவும் சுண்ணாம்பும் கலந்து அதை அமைப்பது மரபு. நடிகர் படுத்திருக்க, அதற்கென்றே பயின்ற கலைஞர் பொறுமையாக அதைக் கட்டுவார். அதற்குப் பெயர் ‘சுட்டி’. தமிழில் ‘சுட்டி’ என்றால் துடுக்கான, அறிவுக்கூர்மையுள்ள குழந்தை. தொலைக்காட்சியின் பெயரும் அதுவே. ஒரே ஒலி, மலைக்கு இந்தப்பக்கம் ஒப்பனை, அந்தப்பக்கம் குறும்பு.

கதைக்கு மீண்டால், எல் டோரோவின் பேராற்றல் அவருடையது அன்று, நெற்றிக் கல்லுடையது என்பது வெளிப்படுகிறது. பாக்கோவின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் போற்றியது யாரை? மனிதரையா, கல்லையா? பெரியவர்களுக்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஊர் முழுவதும் ஒருவரைப் பற்றிப் பெருமை பேசிய சிறுவனுக்கு இது சிறு செய்தி அன்று. 

எழுத்தாளர்கள் இந்த இடத்தில் நேர்மையாக நடந்துகொண்டனர். எல் டோரோவை ஏமாற்றுக்காரராகக் காட்டி ஒதுக்கிவிடவில்லை. ‘உண்மையில் கல்லுக்கு ஆற்றலே இல்லை’ என்று இனிப்புத் தடவவும் இல்லை. கல் போயிற்று, வலிமையும் குறைந்தது. ஆனால் அவர் மற்போரை விட்டுவிடவில்லை. பின்வரும் பகுதிகளில் தாயத்து இல்லாத எல் டோரோவாகவே, அதே முகமூடியோடு, ஜாக்கிக்குத் தோள்கொடுக்க வந்து நிற்கிறார். உடன் பாக்கோவும் வருகிறான்; ஜேடோடு பழைய வாதத்தைத் தொடர்கிறான். அவன் எதையும் மறக்கவில்லை. ஆனாலும் தன் வீரரைக் கைவிடவில்லை. முந்தைய போற்றலைவிட இது உறுதியானது, ஏனெனில் கல்லைப் பற்றிய உண்மையை அறிந்தபின்னும் நிற்பது.

புரூஸ் லீயின் கைத்தடி

கார்ட்டூன் ஜாக்கியின் பின்னே ஓர் உண்மை ஜாக்கி இருக்கிறார். அவருக்கும் ஒரு நாயகர் இருந்தார். 

ஜாக்கி சான் 1954 ஏப்ரல் 7ஆம் நாள் ஹாங்காங்கில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சான் காங்சாங். அவர் சிறுவனாக இருக்கும்போதே பெற்றோர் பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகருக்குச் சென்றனர். தந்தை அங்கிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் சமையற்காரர். மகனோ ஹாங்காங்கில் சீன இசைநாடகப் பள்ளியில் விடப்பட்டார். பாட்டு, நடனம், கரணம், சிலம்பம் போன்ற கழிப்பயிற்சி, தண்டனை எனப் பத்தாண்டுகள் கழிந்தன. பின்னாளில் திரைவாய்ப்புக் குன்றியபோது அவரும் கான்பெராவுக்குச் சென்று கட்டட வேலை செய்தார். உடன் வேலை செய்த ஜாக் என்பவரின் பெயரையொட்டிச் ‘சின்ன ஜாக்’ என்று மற்றவர் அழைத்தனர். அதுவே ஜாக்கி ஆயிற்று. இன்று உலகறிந்த அப்பெயர், பிழைக்கப் போன ஊரில் கூலிவேலைத் தளத்தில் கிடைத்த பெயர்.

பள்ளியிலிருந்து வெளிவந்த இளைஞர்களுக்குத் திரைப்படங்களில் சண்டைக் கலைஞர் வேலை கிடைத்தது. நடிகருக்குப் பதிலாக விழுவது, உடைவது, உருள்வது. தமிழ்த் திரையுலகில் ‘டூப்’ போடுதல் என்பர். 1972இல் புரூஸ் லீ நடித்த ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’ படத்தில், புரூஸ் லீயின் உதையால் வில்லன் தடுப்பை உடைத்துக்கொண்டு வெளியே பறந்து விழும் காட்சி உண்டு. பறந்து விழுந்தவர் வில்லன் நடிகர் அல்லர், இளைஞர் ஜாக்கி. அக்காலத்தில் சண்டைக் கலைஞர் அனைவருக்கும் புரூஸ் லீயே கண்கண்ட நாயகர். ஜாக்கி அவரை முதன்முதலில் ‘சந்தித்த’ விதம், அவருடைய உதையை வாங்கி விழுவதாக இருந்தது.

அடுத்த ஆண்டு வெளிவந்த ‘எண்டர் தி டிராகன்’ படத்திலும் அடிவாங்கும் கூட்டத்தில் ஜாக்கி இருந்தார். அப்படப்பிடிப்பில் நிகழ்ந்த ஒன்றை அவர் பல நேர்காணல்களில் விவரித்துள்ளார். புரூஸ் லீ தடியைச் சுழற்றி அடிக்கும் காட்சி. ஒரு வீச்சு தவறி உண்மையாகவே ஜாக்கியின் முகத்தில் பட்டுவிட்டது. படப்பதிவு நிற்கும்வரை புரூஸ் லீ முகபாவம் மாறாமல் நடித்தார். நிறுத்தியதும் தடியை எறிந்துவிட்டு ஓடிவந்து, ஜாக்கியைத் தாங்கிப் பிடித்து வருத்தம் தெரிவித்தார். அதற்குள் வலி ஓரளவு குறைந்துவிட்டதாம். ஆனால் தம் நாயகர் தம்மைத் தாங்கிக்கொண்டிருக்கும் வாய்ப்பை விட மனமில்லாமல், இன்னும் வலிப்பதுபோல நடித்தாராம் ஜாக்கி. எந்தக் கார்ட்டூன் எழுத்தாளரும் இதைவிடச் சிறந்த சந்திப்பைக் கற்பனை செய்துவிட முடியாது.

1973 ஜூலை 20ஆம் நாள் புரூஸ் லீ 32 வயதில் மறைந்தார். அதன்பின் தயாரிப்பாளர்கள் ‘அடுத்த புரூஸ் லீ’யைத் தேடி அலைந்தனர். ஜாக்கிக்கும் அந்த முகமூடி மாட்டப்பட்டது. 1976இல் வந்த ‘நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’யில் அவர் புரூஸ் லீயைப் போல முறைத்தார், புரூஸ் லீயைப் போலச் சினந்தார். படம் எடுபடவில்லை. தாம் போற்றிய ஒருவராகவே மாறிவிட முயல்வது, போற்றுவதிலேயே மிக எளிதான தவறு என்று தோன்றுகிறது. 

1978இல் இரண்டு படங்கள் அவருடைய வழியைத் திறந்தன. ‘ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’, ‘டிரங்கன் மாஸ்டர்’ என்பன அவை. இயக்கியவர் யுவென் வூ பிங். அவற்றில் ஜாக்கி தம் நாயகரின் ஒவ்வோர் இயல்பையும் எடுத்துத் திருப்பிப் போட்டார். புரூஸ் லீ உயரமாக உதைத்தால் இவர் தாழ உதைத்தார். புரூஸ் லீ ஓங்கிக் குத்தினால் எதிரி விழுவான். இவர் குத்தினால் இவருக்கே கை வலிக்கும், ஊதிக்கொள்வார். அரங்கம் சிரித்தது. கார்ட்டூன் ஜாக்கி கையை உதறும் பழக்கம் அன்று தொடங்கியது. 

ஜாக்கிக்கு வேறு இரு நாயகரும் உண்டு. அவர்களை அவர் நேரில் சந்தித்ததில்லை. பேசாப்படக் காலத்து நகைச்சுவைக் கலைஞர்களான ஹரால்டு லாயிட், பஸ்டர் கீட்டன் ஆகியோரே அவர்கள். லாயிட் 1923இல் வெளிவந்த ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்தில் உயர்ந்த கட்டடத்தின் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கினார். ஜாக்கி 1983இல் ‘புராஜெக்ட் ஏ’ படத்தில் மணிக்கூண்டின் முள்ளைப் பிடித்துத் தொங்கிப் பின் கீழே விழுந்தார். 1928இல் கீட்டனின் மேல் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் சாய்ந்தது. திறந்திருந்த சன்னல் நேராக இருந்த இடத்தில் நின்றதால் அவர் தப்பினார். 1987இல் ‘புராஜெக்ட் ஏ’யின் இரண்டாம் பாகத்தில் ஜாக்கியின் மேலும் அவ்வாறே பெருந்தட்டி ஒன்று சாய்கிறது. போற்றுதலுக்கு மடல் எழுதுவோர் உண்டு, சிலை வைப்போர் உண்டு. ஜாக்கி தம் உடலையே அவ்விடத்தில் நிறுத்தினார்.

தமிழ் பேசிய ஜாக்கி

உண்மை ஜாக்கியும் கார்ட்டூன் ஜாக்கியும் ஒருவரா? தொடரின் பகுதிகள் முடியும்போது உண்மை ஜாக்கி திரையில் தோன்றிச் சிறுவர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்வார். ஆனால் கார்ட்டூன் ஜாக்கியின் குரல் அவருடையது அன்று. ஆங்கிலத்தில் அக்குரலைத் தந்தவர் ஜேம்ஸ் சீ என்னும் நடிகர். அரக்கன் ஷெண்டுவுக்கும் அவரே குரல் கொடுத்தார் என்பது வியப்பு. நாயகனும் அவன் பெரும்பகைவனும் ஒரே தொண்டையிலிருந்து மோதிக்கொண்டனர்.

அசைவூட்டம் பலர் சேர்ந்து கட்டும் தேர். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு படத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படங்கள் வேண்டும். அசைவு இடைவிடாது இருந்தால் 22 நிமிடப் பகுதி ஒன்றுக்கு 15,840 படங்கள் தேவை. நடைமுறையில் பின்னணி அசையாது. பேசும்போது வாய் மட்டுமே அசையும். வரைந்ததையே மீண்டும் பயன்படுத்துவர். அதனால் எண்ணிக்கை குறையும். அமெரிக்காவில் பெரும்பாலும் குரலை முதலில் பதிவுசெய்து, அதற்கேற்ப வாயசைவை வரைவது வழக்கம். அதாவது ஜாக்கியின் வாய் ஆங்கிலத்துக்காகவே வரையப்பட்ட வாய்.

அந்த வாயில் தமிழைப் பொருத்துவதே மொழிமாற்றுக் கலைஞரின் வேலை. ஆங்கிலத் தொடர்களில் வினைச்சொல் பெரும்பாலும் முன்னே வந்துவிடும். தமிழில் அது இறுதியில் வரும். கதவைக் காட்டி ‘ஓடு’ என்று கத்த வேண்டிய இடத்தில், கை நீட்டிய நொடியிலேயே ‘ஓடு’ என்னும் சொல் விழ வேண்டும். ‘அந்தக் கதவு வழியாக ஓடு’ என்று இலக்கண ஒழுங்கில் சொன்னால் கை கீழே இறங்கிய பிறகே வினை வந்து சேரும். ஆகவே ‘ஓடு, அந்தப் பக்கம்!’ என்று பேச்சு வழக்குக்கே உரிய முறையில் மாற்றுவர். ‘ப’, ‘ம’ போன்ற எழுத்துகளுக்கு உதடுகள் ஒட்டும். படத்தில் உதடு ஒட்டும் இடத்தில் அவ்வெழுத்து வந்தால் பார்ப்பவர் கண் ஏமாறாது. தமிழ்ச்சொற்கள் விகுதிகளை ஏற்று நீள்வதால், சுருக்கமான சொல்லைத் தேடித் தேடி எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்த பின்னர்தான் ஹாங்காங்கில் பிறந்த வீரர் நம் வீட்டுச் சித்தப்பாவைப் போல அலுத்துக்கொள்ள முடிகிறது.

2008 ஏப்ரலில் உண்மை ஜாக்கி சென்னைக்கு வந்தார். கமல்ஹாசன் பத்து வேடங்களில் நடித்த ‘தசாவதாரம்’ படத்தின் இசைவெளியீட்டு விழாவில் அவர் சிறப்பு விருந்தினர். அப்படத்தைத் தயாரித்த ரவிச்சந்திரன், ஜாக்கியின் படங்களைத் தமிழ்நாட்டில் வெளியிட்டு வந்தவர். பத்து முகமூடிகளுக்குள் ஒரே நடிகர் இருந்த படத்தை வாழ்த்த, ஒரே முகத்துக்குள் பல குரல்களைக் கொண்டவர் வந்தார் எனலாம். அவருக்குத் தமிழ் தெரியாது. திரையில் அவர் பேசிய தமிழைக் கேட்டு வளர்ந்தவர்கள், அவரிடமே சென்று தமிழில் பேசியிருந்தால் சிரித்துக்கொண்டே கைகூப்பியிருப்பார், அவ்வளவே.

அப்படியானால் தமிழ்ச் சிறுவர் போற்றிய ஜாக்கியை எங்கே சந்திப்பது? உடல் ஹாங்காங்கில் இருக்கிறது. கோடு வரைந்த கைகள் பலருடையவை. குரலோ சென்னையில் எங்கோ ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், திரையை நோக்கி நின்று, காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசியவருடையது. பெரும்பாலான மொழிமாற்றுத் தொடர்களில் அவருடைய பெயர் திரையில் ஓடுவதில்லை. ஓடினாலும் எவரும் படிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். வித்துராவிலிருந்து கோடை விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குச் செல்லும் ஒரு குடும்பம் சென்னை நகரப் பேருந்தில் ஏறலாம். அருகில் நிற்கும் பெரியவரை எவருக்கும் அடையாளம் தெரியாது. அவர் நடத்துநரிடம் காசை நீட்டி, ‘சைதாப்பேட்டை ஒண்ணு’ என்று வாய் திறக்கும்போது, அக்குடும்பத்துச் சிறுவர் மட்டும் சட்டென்று திரும்பிப் பார்க்கக்கூடும்.